பழைய சவரக்கத்தி: கோளாறு எது, கை வைக்க வேண்டிய இடம் எது

தாத்தாவின் பெட்டியிலிருந்தோ பழைய சாமான் கடையிலிருந்தோ ஒரு மடக்குச் சவரக்கத்தி கைக்கு வந்தால், எல்லோரும் முதலில் துருவைத்தான் தேய்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான் கெடுத்த முதல் கத்தி ஜெர்மனியின் ஸோலிங்கனில் செய்தது. மோட்டாரில் பஃப் சக்கரத்தை மாட்டி ஐந்தே நிமிடத்தில் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கிவிட்டேன். நுனிப் பக்கம் லேசாக நீலம் படர்ந்தபோது அதை அழகு என்று வேறு நினைத்தேன். அந்த நீலம், எஃகு 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறித் தன் கடினத்தை இழந்ததற்கான அடையாளம். அதற்கப்புறம் அந்தக் கத்தியில் கூர் நிற்கவே இல்லை.

அதன் பிறகு என் மேசைக்கு வந்த கத்திகளிலும் இதே கதைதான். துருவால் செத்தவற்றைவிட, அழகாக்கப் போய்ச் செத்தவைதான் அதிகம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு கோளாறுக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தடித்த மேல்பக்கம் முதுகு. வெட்டுகிற விளிம்பு வாய். நுனி மூக்கு. வாய் தொடங்கும் இடம் அடி. அதற்குப் பின்னால் கழுத்து, கடைசியில் வால். பிடி என்பது இரண்டு பட்டைகள். அவற்றின் ஒரு முனையில் கத்தி சுழலும் ஆணி இருக்கிறது, மறுமுனையில் பட்டைகளுக்கு நடுவே ஓர் ஆப்பு.

## தொடங்கும் முன்: இது வேலைக்கு ஆகுமா?

கத்தியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடையுங்கள். யாருடைய முகத்தில் பட்டது என்று தெரியாத பொருள். வாய் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

விரிசல்: கத்தியைத் திறந்து வாலைப் பிடித்துக்கொண்டு, முதுகின் நுனியை நகத்தால் சுண்டுங்கள். நல்ல கத்தி மெல்ல ரீங்கரிக்கும். சத்தம் மொத்தென்று இருந்தால் சந்தேகப்படுங்கள், ஆணி தளர்ந்திருந்தாலும் அப்படித்தான் கேட்கும். உறுதி செய்ய, டேப்பை எடுத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெயைத் தடவி, நன்றாகத் துடைத்து, பத்து நிமிடம் வையுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கருங்கோடாகக் கசிந்து வரும். வாயிலிருந்து மேலே ஏறிய விரிசலுக்கு வைத்தியமே கிடையாது. அந்தக் கத்தியைச் சுவரில் மாட்டலாம், முகத்தில் வைக்கக் கூடாது.

அளவு: வெர்னியரால் முதுகின் தடிமனையும், முதுகிலிருந்து வாய் வரை உள்ள அகலத்தையும் அளந்து, அகலத்தைத் தடிமனால் வகுங்கள். விடை 3.2க்கும் 4க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. அகலம் 19 மி.மீ., முதுகு 5.5 மி.மீ. என்றால் 3.45 வரும், அதாவது சுமார் 16.6 டிகிரிக் கூர்க்கோணம். 4.3, 4.5 என்று ஏறினால் முன்பு வைத்திருந்தவர் முதுகைக் கல்லில் தேய்த்துத் தின்றுவிட்டார் என்று பொருள். அப்போது கூர் மெலிந்து உடையும். தீட்டும்போது முதுகில் ஒரு சுற்று மின்சார டேப் ஒட்டினால் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும், அதோடு சமாளிக்கலாம்.

மூன்றாவது, பிடியின் வாசனை. அதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் சில நேரம் துருவுக்குக் காரணமே பிடிதான்.

## அறிகுறி: துரு

### செந்துரு, மேலாக, தூள்போல்

எண்ணெய், 0000 எண் ஸ்டீல் உல், ஓர் அரை மணி நேரம். இவை போதும். அப்படியும் போகாவிட்டால் 1000 எண் வாட்டர் பேப்பரை எண்ணெயில் நனைத்து, அப்புறம் 2000. கத்தியை ஒரு மரக்கட்டை மேல் படுக்க வைத்து முதுகிலிருந்து வாயை நோக்கித் தேய்க்க வேண்டும், எதிர்த்திசையில் கூடாது. விரல் தப்புவது ஒரு லாபம், வாய் மடங்காமல் இருப்பது இன்னொன்று.

கத்தியின் முகத்தில் பொன்னிற எழுத்தோ சித்திரமோ இருந்தால் அந்தப் பக்கம் பாலிஷைக் கொண்டு போகவே போகாதீர்கள். அது காற்றுப்போல் மெல்லிய பூச்சு. பித்தளைக்குப் போடுகிற பாலிஷால் இரண்டு தேய்ப்பில் போய்விடும்.

வினிகரில் ஊறப்போடச் சொல்பவர்கள் உண்டு. துரு போகும். கூடவே நல்ல எஃகும் அரிபட்டுச் சாம்பல் நிறமாகும். நான் செய்வதில்லை.

### கறுந்திட்டும் குழியும்

கறுப்பான திட்டு கையில் தட்டுப்படாமல் வழவழப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது வயதின் நிறம். நகம் இடறினால் குழி. இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: குழி எங்கே இருக்கிறது?

முதுகிலும் முகத்தின் நடுவிலும் இருந்தால் அழகுக் குறை மட்டும்தான். குழி மறையும்வரை தேய்த்தால் பக்கத்தில் உள்ள நல்ல எஃகும் போகும், மெல்லிய கத்தியில் அது ஓட்டையில்தான் போய் நிற்கும். வாயிலிருந்து 2 மி.மீ.க்குள் இருந்தால் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அங்கே புதிதாகச் சில்லு கிளம்பும். 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நயமாகும்) சரிவு, அதாவது வாயையொட்டி இரு பக்கமும் விழும் சாய்வு, வைத்துப் பார்த்து, அப்புறம் முடிவெடுங்கள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய கனத்த கத்திகள் (வேட் அண்ட் புட்சர் வகையறா) ஆப்புபோல் தடித்தவை. அவற்றில் கொஞ்சம் தாராளமாகத் தேய்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஸோலிங்கன் செய்த, உட்குழிந்த மெல்லிய கத்திகளில் அந்தத் தாராளம் நடக்காது. வாயை நகத்தின் மேல் லேசாக அழுத்திப் பாருங்கள், எஃகு அலைபோல் நெளிவது கண்ணுக்கே தெரியும்.

### பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் துரு

முதுகும் கழுத்தும் சுத்தமாக இருக்க, மடக்கினால் பிடிக்குள் போகிற பகுதி மட்டும் அரித்திருந்தால் கத்தியை நிறுத்திவிட்டுப் பிடியைப் பாருங்கள். கீழே "பிடியில் வாசனை" பகுதிக்குப் போங்கள். அதைச் சரிசெய்யாமல் துருவைத் தேய்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

ஆளிடம் கொடுக்கும் இடம்: வாயின் நீளம் முழுக்கக் குழி இருந்தால், கத்தியைத் திரும்ப அரைக்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். தெருவில் வரும் சாணைக்காரர் அதற்கான ஆள் அல்ல. அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் கை பொன்னான கை. ஆனால் அவருடைய உலர்சக்கரம் ஒரு சவரக்கத்தியைக் கொல்ல மூன்று விநாடி போதும்.

## அறிகுறி: வாயில் சில்லு

லென்ஸ் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் லென்ஸுக்கு மட்டும் தெரிகிற சில்லு, 1000 கல்லில் வழக்கமாகத் தீட்டும்போதே போய்விடும்.

கண்ணுக்குத் தெரிந்தால், அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை, வாயைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்தி ரொட்டி அறுப்பதுபோல் மெல்ல இழுக்க வேண்டும். நல்ல கத்தியை வேண்டுமென்றே மொக்கையாக்குகிறோமே என்று கை நடுங்கும். நடுங்கட்டும், பரவாயில்லை. சில்லின் அடி வரை எஃகு இறங்கியதும் நிறுத்திவிட்டுச் சரிவைப் புதிதாக வைக்கலாம். இதற்கு ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

சில்லு மூக்கிலேயே இருந்தால் இவ்வளவு தேவையில்லை. மூக்கைக் கொஞ்சம் உருட்டிவிட்டால் முடிந்தது. மூக்கு கூராக இருந்த கத்திகள் காதோரத்தைக் கீறும், உருட்டுவது ஒருவகையில் நல்லதும்கூட.

இரண்டு மி.மீ.க்கு மேல் போன சில்லு உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. திரும்ப அரைக்கும் கூலி, அதே தரத்தில் வேறொரு பழைய கத்தியின் விலையைத் தாண்டும். குடும்பக் கத்தியாக இருந்தால் ஒழிய அதில் இறங்காதீர்கள்.

## அறிகுறி: எவ்வளவு தீட்டினாலும் கூர் வரவில்லை

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். பத்தில் எட்டுப் பேர் 8000 கல்லிலும் 12000 கல்லிலும் மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கோளாறோ 1000 கல்லிலேயே முடிந்திருக்க வேண்டியது. முதல் கல்லில் இரு பக்கச் சரிவும் வாயில் சந்திக்காவிட்டால், அடுத்த கல்லெல்லாம் அந்தக் குறையைப் பளபளப்பாக்கும், அவ்வளவுதான்.

சோதனை: 1000 கல் முடிந்த நிலையில் கத்தி கையில் உள்ள முடியைத் தோலையொட்டி மழிக்க வேண்டும். இன்னொன்று, பழுத்த தக்காளியின் மேல் வாயை வைத்து, அழுத்தாமல் இழுங்கள். தோலுக்குள் தானாக இறங்க வேண்டும். அடி, நடு, மூக்கு என மூன்று இடத்திலும் இறங்க வேண்டும். ஓர் இடத்தில் வழுக்கினால் அந்த இடத்தின் சரிவு இன்னும் சந்திக்கவில்லை.

வழுக்குகிறதா? கறுப்பு மார்க்கரால் இரண்டு பக்கச் சரிவிலும் மை பூசி, கல்லில் ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டு, மை எங்கே மிச்சம் என்று பாருங்கள். அந்த மை சொல்வதைத்தான் இனி கேட்க வேண்டும்.

### மை அங்கங்கே ஒழுங்கில்லாமல் மிச்சம்

கல் சமமாக இல்லை. கல் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய 220 எண் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடு முழுக்க மறைந்தால் கல் சமம். கத்தியைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள், செலவும் அதிகமில்லை.

### வாயையொட்டி மெல்லிய கோடாக மை மிச்சம்

இன்னும் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். அல்லது முதுகில் முன்பு ஒட்டியிருந்த டேப்பை எடுத்திருப்பீர்கள். டேப் ஒட்டினால் கோணம் ஏறி மை சரிவின் முதுகுப் பக்கம் மிஞ்சும், டேப்பை எடுத்தால் வாயோரம் மிஞ்சும். ஒட்டினால் கடைசிவரை ஒட்டுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். டேப் தேய்ந்தால் புதிது மாற்றலாம்.

### அடிப்பக்கம் மட்டும் மை போகவில்லை

கழுத்துக்குப் பக்கத்தில் பல கத்திகளில் ஒரு தடித்த மேடு உண்டு. வருஷக்கணக்கில் தீட்டித் தீட்டி வாய் உள்வாங்கியதும், அந்த மேடு கல்லின் மேல் ஏறி அடியைத் தூக்கிப் பிடிக்கும். அழுத்தினால் தீராது. அடியின் மூலையைக் கல்லின் ஓரத்தில் சாய்த்து, மேட்டுக்கு முன்னால் வளைவாகத் தேய்த்து வாங்க வேண்டும். ஒரு சின்ன காசின் விளிம்பளவு வளைவு போதும்.

### நடுவில் மட்டும் மை மிச்சம், இரு பக்கமும்

வாய் உள்வளைந்துவிட்டது. சிரிப்பதற்குப் பதில் முகம் சுளிக்கிறது. காரணம், முன்பு தீட்டியவர் கல் சமமாக இருக்கிறதா என்று கவனிக்கவில்லை. சில்லுக்குச் சொன்ன செங்குத்து வைத்தியம்தான் இதற்கும். இதற்கு நேர்மாறாக வெளிவளைந்த வாய் கோளாறே அல்ல. பழைய ஷெஃபீல்ட் கத்திகளை அப்படித்தான் செய்தார்கள். அதை நேராக்கப் போகாமல், இழுக்கும்போது அடியிலிருந்து மூக்குக்கு லேசாக உருட்டிக்கொண்டே போனால் மை முழுதும் போகும்.

### ஒரு பக்கம் நடுவில் மிச்சம், மறுபக்கம் இரு முனையிலும் மிச்சம்

கத்தி வளைந்திருக்கிறது. கையால் நிமிர்த்த நினைக்காதீர்கள், கடினமாக்கிய எஃகு வளையாது, இரண்டாகும். கல்லின் முழு அகலத்தையும் பயன்படுத்தாமல் விளிம்பையொட்டிய ஒரு விரல் அகலத்தில் மட்டும், அடியிலிருந்து மூக்குக்குக் குறுக்காக இழுத்துத் தீட்டுங்கள். சரிவின் அகலம் இடத்துக்கு இடம் மாறிக் கோணலாகத் தெரியும். சவரத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

### மை சரியாகப் போகிறது, கூர் வந்தும் உடனே போய்விடுகிறது

முதலில் பிசிறைச் சந்தேகப்படுங்கள். அதிகமாகத் தீட்டி வாயில் நூல்போல எஃகு தொங்கலாம். வாயைக் கண்ணாடிக் குவளையின் விளிம்பில் எடையே இல்லாமல் ஒரு தடவை இழுத்துவிட்டு 8000 கல்லில் கொஞ்சமாகத் தொடருங்கள். அப்படியும் நிற்காவிட்டால், வாய்ப்பக்கம் நீலமோ பழுப்போ படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். படர்ந்திருந்தால் என் முதல் கத்திக்கு ஆனதுதான் இதற்கும். யாரிடம் கொடுத்தாலும் பணம்தான் வீண். நிறம் மூக்கில் சில மி.மீ. மட்டும் என்றால், அந்தப் பகுதியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, கொஞ்சம் குட்டையான கத்தியோடு வாழலாம்.

ஆளிடம் கொடுக்கும் இடம்: மூன்று மாலை 1000 கல்லில் போயும் தக்காளி மூன்று இடத்தில் வழுக்கினால் நிறுத்துங்கள். மேலும் தேய்த்தால் முதுகுதான் குறையும். ஊரில் பழைய சலூன்காரர் யாராவது பிளேடு மாற்றும் கத்தி வருவதற்கு முன்பே தொழில் பார்த்தவராக இருந்தால், முதலில் அவரிடம் காட்டுங்கள். அடைப்பத்தில், அதாவது சவரப் பையில், கல்லும் கூரைச் சீராக்கும் தோல்வாரும் வைத்து வீடுவீடாகப் போனவர்களின் கைக்குத் தெரிந்தது பல இயந்திரங்களுக்குத் தெரியாது.

## அறிகுறி: கூர் இருக்கிறது, முகத்தில் இழுக்கிறது அல்லது எரிகிறது

கல்லை எடுக்காதீர்கள். முதலில் முகம்: வெந்நீர், நுரை, இரண்டு நிமிடம். அடுத்து கோணம்: முதுகு தோலிலிருந்து 30 டிகிரிக்கு மேல் எழும்பினால் அது மழிப்பதில்லை, சுரண்டுகிறது. அப்புறம் தோல்வார். வாரின் துணிப் பக்கத்தில் 30 தடவை, தோல் பக்கத்தில் 60 தடவை. முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள். வாயின் மேல் உருட்டினால் ஒரே திருப்பில் கூர் மழுங்கும், வாரும் வெட்டுப்படும். வாரைத் தளர்வாகப் பிடித்தாலும் கூர் உருண்டுவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு இழுத்தால் 12000 கல்லில் 15 தடவை. இது போதும் 90 சதவீதம் கத்திகளுக்கு. சதவீதம் என் கைக்கணக்கு.

## அறிகுறி: ஆணி தளர்ந்து கத்தி ஆடுகிறது

திறந்து பாதியில் நிறுத்தினால் கத்தி அங்கேயே நிற்க வேண்டும். தானாக விழுந்தால் ஆணி தளர்ந்திருக்கிறது. நகை வேலைக்கு வைத்திருக்கும் சின்னச் சுத்தி போதும். ஆணியின் ஒரு தலையைச் சின்னப் பட்டடை மேல் வைத்து, மறுதலையின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பலமாக ஒன்று அடிக்காமல், மெதுவாக ஐந்து தட்டு. சோதனை. மறுபடி ஐந்து. அவசரப்பட்டால் பட்டையில் ஆணியைச் சுற்றி விரிசல் விழும், அதற்குப் பிறகு பிடியே புதிது.

தட்டியும் இறுகவில்லை என்றால் ஆணி தேய்ந்திருக்கிறது. தலையை ராவி, எதிர்ப்பக்கம் தள்ளி எடுங்கள். பழைய ஆணிகள் பெரும்பாலும் 1/16 அங்குலம், அதாவது 1.6 மி.மீ. நம் ஊர்க் கடையில் 16 கேஜ் பித்தளைக் கம்பி கேட்டால் கிடைப்பது 1.63 மி.மீ. ஒரு முடியளவு பெரிது. ஓட்டையை வட்ட அரத்தால் தொட்டுவிட்டால் நுழையும், முட்டித் தள்ளினால் பட்டை பிளக்கும்.

## அறிகுறி: மடக்கும்போது கத்தி ஒரு பட்டையில் உரசுகிறது

மடக்கி, மேலிருந்து பாருங்கள். வாய் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே இருக்க வேண்டும்.

ஆணி தளர்ந்திருந்தால் முதலில் அதை இறுக்குங்கள், பாதிக் கோளாறு அதோடு போகும். இறுகிய ஆணியோடும் ஒரே பக்கம் சாய்ந்தால், சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து ஆணித்தலையை இரண்டு மூன்று முறை தட்டிப் பாருங்கள், சில நேரம் மயிரிழை திரும்பும். திரும்பாவிட்டால் பட்டை வளைந்திருக்கிறதா என்று நோக்குங்கள். கொம்புப் பட்டை என்றால் வெந்நீரில் சில நிமிடம் வைத்து, இளகியதும் எதிர்த்திசையில் கட்டி, ஆறும்வரை விடலாம். கத்தி நனையாமல் இருக்கப் பட்டையைக் கழற்றிச் செய்வது நல்லது. மரப் பட்டை இதற்கு மசியாது.

இரண்டுமே இல்லையென்றால் ஆப்பு. ஆப்பின் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும், அதனால் பிடி முழுவதும் முறுக்கிக்கொள்ளும். ஆப்பைக் கழற்றித் திருத்த வேண்டும். ஒரு எச்சரிக்கை: பழைய ஷெஃபீல்ட் கத்திகளின் ஆப்பு ஈயமாக இருக்கும். உலர வைத்து ராவாதீர்கள், அந்தத் தூள் நச்சு. நான் ஈய ஆப்பை எடுத்து வைத்துவிட்டு, எலும்பிலோ பித்தளையிலோ புதிது செய்வேன்.

### வாய் பிடியின் மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது

இது அவசரம், பையில் போட்டால் கை போகும். ஆப்பு தேவைக்கு மேல் தடிமன், பட்டைகள் அகன்று கத்தியின் முதுகைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கழுத்து 4 மி.மீ. தடிமன் என்றால் ஆப்பு 2 மி.மீ. போதும். பட்டைகள் ஆப்பு முனையை நோக்கி ஒடுங்கி, நடுவில் வில்போல் லேசான இழுவிசையோடு நிற்க வேண்டும்.

## அறிகுறி: பிடியில் வாசனை, பிசுபிசுப்பு, பொரிதல்

கட்டை விரலால் பட்டையை வேகமாகத் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள்.

கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்ட். பூஜை அறையில் எரிகிற அதே கற்பூரம்தான், அதைச் சேர்த்துத்தான் செல்லுலாய்ட் செய்தார்கள். 1870களுக்குப் பிறகு வந்த பொருள். தந்தம்போல், ஆமையோடுபோல், எதுபோல் வேண்டுமானாலும் வார்க்கலாம் என்பதால் எல்லோரும் அதற்குத் தாவினார்கள். நல்ல நிலையில் இருந்தால் தொல்லை இல்லை. ஆனால் பட்டை வெளுத்துப் புகைபடிந்ததுபோல் ஆகி, பொரிந்து, கற்பூரத்துக்குப் பதில் மூக்கை அரிக்கும் புளிப்பு நெடி அடித்தால் அழுகத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் அமில ஆவிதான் பிடிக்குள் இருக்கும் கத்தியை அரிக்கிறது. இதற்கு மருந்து இல்லை. பட்டையைக் கழற்றி, மற்றக் கத்திகள் இருக்கும் பெட்டியிலிருந்து அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், பக்கத்துக் கத்தியையும் கெடுக்கும். தீக்குச்சி வைத்துச் சோதிக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். செல்லுலாய்ட் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

கந்தக வாசனை வந்தால் கடின ரப்பர். கறுப்பு வெளுத்துப் பழுப்பானது மட்டுமே குறை. வெந்நீர் காட்டாதீர்கள், இன்னும் பழுப்பாகும்.

வாசனை இல்லை, வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்தால் ஓரம் ஒளி ஊடுருவுகிறது என்றால் கொம்பு. காய்ந்து ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால் லேசாகத் தேய்த்துவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினில் ஒரு வாரம் ஊறப்போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்கு வாடை வரும். பூச்சி தின்ற துளையைக் கொம்புத் தூளும் சூப்பர் க்ளூவும் கலந்து அடைக்கலாம்.

வெள்ளையாக, நுண்ணிய கரும்புள்ளிகளோடு இருந்தால் எலும்பு. புள்ளியே இல்லாமல், குறுக்குவெட்டு முனையில் வலைபோல் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தால் தந்தம். இந்தியாவில் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 தடுக்கிற குற்றம். குடும்பத்தில் வந்தது என்றாலும் யாரிடமாவது வேலைக்குக் கொடுக்கும் முன் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

## பிடி போய்விட்டது: எந்தக் கத்திக்கு எந்தப் பிடி?

பிடியை அலங்காரம் என்று நினைப்பவர்கள் மரக்கடைக்குப் போய் அழகான துண்டாக எடுத்து வருவார்கள். இப்போது எல்லோர் கழுத்திலும் கருங்காலி மாலை தொங்குகிறதே, அதனால் எல்லோருக்கும் கருங்காலிதான் வேண்டும். கருங்காலி நல்ல மரம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடர்த்தி அதிகம். உட்குழிந்து மெலிந்த ஸோலிங்கன் கத்திக்கு 4 மி.மீ. கருங்காலிப் பட்டையைப் போட்டால் கையில் பிடி மட்டும் கனக்கும், முகத்தில் கத்தி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

பார்க்க வேண்டியது நான்கு. முதலில் எடை. கத்தியை நேராகத் திறந்து ஆணியின் கீழ் விரலை வைத்துப் பாருங்கள், சமநிலை ஆணிக்கு அருகில் இருக்க வேண்டும். மெல்லிய கத்திக்கு 2 மி.மீ. கொம்போ செல்லுலாய்டோ, அல்லது 2.5 மி.மீ. லேசான மரமோ. கனத்த ஷெஃபீல்ட் கத்திக்கு எருமைக் கொம்பு, தடித்த மரம், பித்தளை ஆப்பு எல்லாம் தாங்கும்.

இரண்டாவது நீளம். பட்டையை அறுக்கும் முன் அட்டையில் வெட்டிப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை சரியான தடிமன். குண்டூசியை ஆணியாகக் குத்தி மடக்கினால், மூக்குக்கும் ஆப்புக்கும் இடையே 6 மி.மீ. இடைவெளி வேண்டும், வாய் கீழ் விளிம்பிலிருந்து 2, 3 மி.மீ. உள்ளே மறைந்திருக்க வேண்டும். நான் இந்த அட்டையைத் தவிர்த்த இரண்டு முறையும் மூக்கு ஆப்பில் இடித்தது.

மூன்றாவது ஈரம். மரம் குளியலறையில் ஊதிச் சுருங்கும், அதனால் உள்பக்கத்துக்கும் ஆணி ஓட்டைக்கும் பூச்சு கட்டாயம். வெளியே மட்டும் மெருகேற்றி உள்ளே பச்சையாக விட்ட பட்டைகள் மழைக்காலத்தில் கத்தியை நெரிக்கும்.

நான்காவது காலம். இது பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு, நானும் அந்தக் கூட்டம்தான். கழுத்தில் கிரீடத்தோடு வி.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் விக்டோரியா காலம், 1837க்கும் 1901க்கும் இடையில். டபிள்யூ.ஆர். என்றால் அதற்கும் முந்தைய 1830 முதல் 1837. இவற்றுக்குக் கறுத்த கொம்பு பொருந்தும். ஜெர்மனி என்று ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது, அந்த ஆண்டிலிருந்து அமெரிக்கா இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்கத் தொடங்கியது. அதற்குச் செல்லுலாய்ட் நிறத்துப் புதுப் பிசின் பட்டை உறுத்தாது.

எருமைக் கொம்பு வேண்டுமென்றால் உத்தரப் பிரதேசத்துச் சம்பல் அந்த வேலைக்குப் பெயர்போன ஊர், தகடாகவே கிடைக்கும். மான் கொம்பு யார் காட்டினாலும் வேண்டாம், தந்தத்துக்குச் சொன்ன அதே சட்டம். ஈட்டி, தேக்கு, பலா எதுவும் ஆகும். எனக்குப் பிடித்தது பழைய வீணையோ ஜன்னலோ உடைந்து கிடைக்கும் பலாத்துண்டு. லேசு, நன்றாகக் காய்ந்தது, வளையாது.

ஆளிடம் கொடுக்கும் இடம்: ஓட்டை போடுவதும் ஆணி அடிப்பதும் பயமாக இருந்தால், பட்டையை மட்டும் நீங்கள் செய்து, கடைசி ஆணியைத் தெரிந்த பொற்கொல்லர் ஒருவரிடம் கொண்டு போங்கள். சின்னச் சுத்தி அவர் கையில் பேசும். கொடுக்கும்போது மறக்காமல் சொல்லுங்கள்: ஆணியைத் தட்டினால் போதும், கத்தியைப் பஃப் போட வேண்டாம். நான் ஒருமுறை சொல்ல மறந்தேன். மறுநாள் கண்ணாடிபோல் மின்னிய கத்தியைச் சிரித்த முகத்தோடு நீட்டினார்கள். மூக்கில் நீலம்.